குங்குமம் பூசின குறடும் கேஜ் மணியும்

எனக்கு எழுபத்திரண்டு வயசு. வளர்த்தது அஞ்சு பேர். என் வயித்துல பொறந்தது நாலு, செத்துப்போன என் தம்பி விட்டுட்டுப் போன பொண்ணு ஒண்ணு. அஞ்சும் நல்லா இருக்குதுங்க. அஞ்சுக்கும் பல்லும் நல்லா இருக்குது. அதைச் சொல்லாம விட்டா எனக்குத் தூக்கம் வராது.

ஆண்டர்சன்பேட்டையில ஒரு பல் கிளினிக்கில் வேலை பார்த்தேன். பெருக்கறதுக்குத்தான் சேர்ந்தேன். வேலையை விட்டு வரும்போது கருவி சுத்தம் மொத்தமும் என் பொறுப்பு. நான் "ஆச்சு"ன்னு சொன்னாத்தான் டாக்டர் கையுறை போடுவார். இப்போ என் இடத்துக்கு ரெண்டு பொண்ணுங்க புதுசா வந்திருக்குதுங்க. டாக்டர் போன வாரம் வீட்டுக்கே வந்துட்டார்.

"கன்னியம்மா, நீங்க வாயால சொன்னா அதுங்க சிரிச்சுகினே மறந்துடும். எழுதிக் கொடுங்க."

நான் படிச்சது மூணாங்கிளாஸ். எழுத்துக் கூட்டித்தான் எழுதுவேன். ஒரு வரி எழுதிட்டு ஒரு வாய் டீ குடிப்பேன். எனக்கு அவசரம் இல்லை. பொண்ணுங்களே, நீங்களும் அவசரப்படாம படிங்க.

1. எத்தனை விசில்?

முதல் நாள் டாக்டர் என்னை உள்ரூமுக்குக் கூட்டிப் போய் ஒரு பெட்டியைக் காட்டினார். வட்டமா கதவு, கனமான பிடி, முன்னாடி நம்பர் ஓடுது.

"இது ஆட்டோகிளேவ்மா. ஒருத்தர் வாயில போன கருவி இதுல ஆவியில வெந்துதான் அடுத்தவர் வாய்க்குப் போகணும்."

சுத்திச் சுத்திப் பார்த்தேன். ரப்பர் வளையம் இருக்குது. தண்ணி ஊத்த இடம் இருக்குது. ஆவி போக குழாய் இருக்குது.

"குக்கர்தானே தம்பி? எத்தனை விசில்?"

டாக்டர் அப்போ படிப்பு முடிச்சுப் புதுசா கிளினிக் திறந்த பிள்ளை. சிரிப்பை அடக்கப் பார்த்தார். முடியல. மாஸ்க் உப்பிப் போச்சு.

"விசில் இல்லம்மா. எல்லாம் முடிஞ்சதும் அதுவே பீப் அடிக்கும். அதுவரைக்கும் கதவைத் தொடக்கூடாது."

"பருப்பு வெந்துதா இல்லையான்னு எப்படித் தெரியும்?"

நல்ல கேள்வின்னார். கருவியைப் போட்டு ஒட்டற கவரை எடுத்துக் காட்டினார். ஒரு பக்கம் பேப்பர், ஒரு பக்கம் பிளாஸ்டிக். அதுக்குப் பேரு பவுச். அதோட ஓரத்துல ஒரு கோடு. ஆவி சரியா ஏறினா அந்தக் கோடு கறுத்துப் போகும். கறுக்கலைன்னா வேகலைன்னு அர்த்தம்.

இது வரைக்கும் சுலபம். கையுறைதான் என் மானத்தை வாங்கினது. சுத்தத்துல என்னை அடிச்சுக்க எங்க லைன் வீடுங்கள்ல ஆள் இல்லை. என் பித்தளைச் சொம்புல முகம் பார்த்துப் பொட்டு வெச்சுக்கலாம். அந்தத் திமிர்ல, "கையுறை போட்டுகினா அப்பால இன்னா பயம்?"னு கேட்டுட்டேன்.

டாக்டர் பிள்ளையார் படத்துக்கிட்ட இருந்த குங்குமத்தை எடுத்து என் கையுறை விரல்ல தாராளமா தடவினார்.

"இது நோயாளியோட எச்சில்னு வெச்சுக்கோங்க. இப்போ எப்பவும் போல வேலை பாருங்க."

பார்த்தேன். தட்டை எடுத்தேன். டிராயரைத் திறந்தேன். போன் அடிச்சுது, எடுத்தேன். வேர்த்துச்சு, துடைச்சேன். டாக்டருக்கு டீ வந்துச்சு, வாங்கிக் கொடுத்தேன்.

"இப்போ சுத்திப் பாருங்க."

டிராயர் பிடி செவப்பு. போன் செவப்பு. குழாய் செவப்பு. லைட் சுவிட்ச் செவப்பு. கண்ணாடியில பார்த்தா என் மூக்கு நுனி செவப்பு. டாக்டர் மெதுவா டம்ளரைத் திருப்பிப் பார்த்தார். அதுலயும் செவப்பு. டீயை அப்படியே கீழே வெச்சுட்டார்.

ரெண்டு பேரும் சுவத்துல சாஞ்சுகினு சிரிச்சோம். ஆனா அந்த நாள்ல இருந்து எனக்கு குங்குமத்தைப் பார்த்தா எச்சில் ஞாபகம் வரும். கோயில்ல பூசாரி குங்குமம் கொடுத்தாக்கூட, "இதுக்கு முன்னாடி எதைத் தொட்டீங்க?"ன்னு கேக்கத் தோணும்.

2. பெல் வராம கேஜ் நகராது

வீட்டுக்காரர்கிட்ட சொன்னேன். அவர் இங்க தங்கச் சுரங்கத்துல, அதான் மைன்ஸ்ல, பெல்மேன். ஷாஃப்ட்டுன்ற சுரங்கக் கிணத்து வாயில கேஜ்னு ஒரு இரும்புக் கூண்டு நிக்கும், ஆளுங்க ஏறுவாங்க, இவர் கதவைப் பூட்டிட்டு பெல் அடிப்பார். கேஜை இறக்கற வைண்டிங் இன்ஜின் டிரைவர் தூரத்துல இன்னொரு கட்டடத்துல இருப்பார். அவருக்கு ஆள் தெரியாது, கதவு தெரியாது. பெல் ஒண்ணுதான் தெரியும். பெல்லை நம்பித்தான் அத்தனை பேர் உசிரும் பூமிக்குள்ள போய் மேல வந்தது.

"இன்னாடி பெரிய விஷயம்?" அப்படின்னார். "உன் பெட்டியும் கேஜ்தான். பெல் அடிக்காம எதுவும் நகரக்கூடாது. கடிகாரத்தைக் காட்டிகினு நின்ன பெரிய பெரிய ஆபீசருங்களையே நான் நிக்க வெச்சிருக்கேன்."

அது எனக்கு நல்லாப் பிடிபட்டுச்சு. தொட்டிக்கு இடது பக்கம் அழுக்கு. அங்கேயிருந்து கழுவறது, துடைக்கறது, பவுச்சில போடறது, ஆட்டோகிளேவ், கடைசியா வலது பக்கம் கண்ணாடி அலமாரி. கருவி இடதுல இருந்து வலதுக்குத்தான் போகும். திரும்பி வர வழி கிடையாது. பவுச் கிழிஞ்சா, நனைஞ்சா, கீழ விழுந்தா, பேசாம மறுபடி இடது பக்கத்துல இருந்து ஆரம்பிக்கணும். யாரும் பார்க்கலைன்னாலும்.

3. ஆயுத பூஜை

அடுத்த வருஷம் ஆயுத பூஜை வந்தது. கிளினிக் மத்தியானத்தோட லீவு. சாயங்காலம் பூஜை. டாக்டரோட அம்மா குடியாத்தத்துல இருந்து இதுக்குன்னே வந்திருந்தாங்க. பூவும் பொரியும் கூடை கூடையா. ரொம்ப நல்ல மனுஷி, கை மட்டும் சும்மா இருக்காது.

நான் முன்கூட்டியே சொல்லி வெச்சிருந்தேன். நாற்காலிக்குப் பொட்டு வைக்கலாம். கம்ப்ரசருக்கு வைக்கலாம். ஆட்டோகிளேவ் நெத்தியில பெரிசாவே வைக்கலாம். கருவிங்க பவுச்சுக்குள்ளயே இருக்கட்டும், தட்டுல அடுக்கி சூடம் காட்டினா போதும். "சரி கன்னியம்மா, சரி"ன்னு தலையாட்டினாங்க.

உடைக்கறதுக்குப் பூசணிக்காய் வாங்க நான் கடைத்தெருவுக்குப் போனேன். திரும்பி வந்தேன். வாசப்படியிலயே பூசணிக்காய் கையை விட்டு நழுவப் பார்த்துச்சு.

மேசை மேல வாழையிலை விரிச்சு, ஒரு பவுச் பாக்கி இல்லாம கத்தரியால வெட்டித் திறந்து, அலமாரியில இருந்த அத்தனை கருவியையும் வரிசையா படுக்க வெச்சிருந்தாங்க. பல் பிடுங்கற குறடு ஒவ்வொண்ணுக்கும் விபூதிப் பட்டை, நடுவுல குங்குமம். வாய் பார்க்கற கண்ணாடிக்குச் சந்தனம். பல்லு குடையற ஹேண்ட்பீஸுக்குச் சந்தனம், குங்குமம், மேல ஒரு செவ்வந்திப் பூ. நாற்காலிக்கு வீல் எங்கேன்னு தேடியிருக்காங்க. கிடைக்கல. காலால அமுக்கற பெடலுக்கு அடியில எலுமிச்சம்பழம் வெச்சுட்டாங்க.

எனக்கோ பார்க்கற இடமெல்லாம் எச்சில்.

"பெரியம்மா! இன்னா பண்ணிட்டீங்க!"

"இன்னா கன்னியம்மா, கவருக்குப் பொட்டு வெச்சா உள்ள இருக்கற ஆயுதத்துக்கு இன்னா தெரியும்? சாமிக்கு ரெயின்கோட்டு போட்டா பூஜை பண்ணுவாங்க?"

டாக்டர் உள்ளே வந்தார். மேசையைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "பரவாயில்ல, நாளைக்கும் லீவுதானே, மெதுவா கழுவிக்கலாம்"னு சொல்லி முடிக்கல, வாசல்ல ஆட்டோ வந்து நின்னது.

4. கல்யாணப் பொண்ணு

ஆட்டோவுல இருந்து ஜோசப் அண்ணன் இறங்கினார். இங்க பக்கத்துல இருக்கற கோரமண்டல்காரர், மைன்ஸ்ல வைண்டிங் இன்ஜின் டிரைவரா இருந்து ரிட்டையர் ஆனவர். என் வீட்டுக்காரர் அடிச்ச பெல்லுக்கு இன்ஜினை இழுத்த ஆள். அவர் பின்னாடி அவரோட அக்கா மக ஷீலா. ரெண்டு கையிலயும் மருதாணி, தலையைச் சுத்தி டவல். டவலை எடுத்தா கன்னம் பன்னு மாதிரி உப்பிக் கெடக்குது. மறுநாள் காலையில சர்ச்சுல அவளுக்குக் கல்யாணம்.

"டாக்டர்," அப்படின்னா, வாய் பாதிதான் திறக்குது. "நாளைக்கு நான் பேசணும்."

"ஆல்டர் பீடத்து முன்னாடி நின்னு 'சம்மதம்'னு சொல்லணும் தம்பி," அப்படின்னார் ஜோசப் அண்ணன். "மாப்பிள்ளை வீட்டுக்காரங்க பெங்களூர்ல இருந்து வந்து இறங்கியாச்சு. ஊர்ல ஒரு கிளினிக் திறந்து இல்ல. பங்காருபேட்டை வரைக்கும் போய்ப் பார்த்துட்டோம்."

ஒரு வாட்டி வாய் பார்த்துட்டுத் தூக்கிப் போடற பிளாஸ்டிக் கண்ணாடி ஒண்ணு தனியா இருந்துச்சு. அதால பார்த்துட்டு டாக்டர் சொன்னார்:

"பல்லுக்கு அடியில சீழ் கட்டியிருக்குது. இப்போவே பல்லைத் திறந்து வடிய விட்டா நாளைக்கு வாய் திறக்கலாம். மாத்திரையை மட்டும் நம்பினா காலையில வீக்கம் கண்ணு வரைக்கும் ஏறிடலாம்."

"அப்போ திறங்க தம்பி!"

"எதை வெச்சுத் திறக்கறது?"

ஜோசப் அண்ணன் அப்போதான் மேசையைப் பார்த்தார்.

"இன்னாய்யா இது? பல்லாஸ்பத்திரியா, மாரியம்மன் கோயிலா?"

பெரியம்மா முகம் சுண்டிப் போச்சு. ஜோசப் அண்ணன் அவசரத்துல இருந்தார். "சரி, துணியால துடைச்சு ஸ்பிரிட் போட்டு எடுங்க. நாங்கெல்லாம் வெட்டுக்காயத்துக்கு பீடிச் சாம்பல் வெச்ச ஆளுங்க. பேக பேக, சீக்கிரம்!"

டாக்டர் முடியாதுன்னு தலையாட்டினார். "ஸ்பிரிட்டுக்கு எல்லாக் கிருமியும் சாகாதுண்ணே. சீழ் இருக்கற இடத்துல புதுசா ஒரு கிருமியை நானே கொண்டு போய் வைக்க மாட்டேன். கன்னியம்மா, முதல்ல இருந்து ஆரம்பிங்க."

"பொட்டு வெச்ச கையே கழுவட்டும்"னு சொல்லி, தடியான ரப்பர் கையுறையையும் பிளாஸ்டிக் ஏப்ரனையும் பெரியம்மாவுக்கு மாட்டி விட்டேன். பட்டுப்புடவைக்கு மேல ஏப்ரன், கண்ணுக்குப் பெரிய கண்ணாடி. வெல்டிங் கடை வெச்ச அம்மன் மாதிரி இருந்தாங்க. வலியில இருந்த ஷீலாவுக்கே சிரிப்பு வந்து, கன்னத்தைப் பிடிச்சுகினு, "சிரிக்க வைக்காதீங்க ஆன்ட்டி"ன்னு அழுதா.

சந்தனம் இருக்குதே, குறடோட வரி வரியான பல்லுக்குள்ள போய்க் காஞ்சா சிமெண்டுதான். தண்ணிக்குள்ள முக்கி வெச்சே பிரஷ் போடணும், வெளியே எடுத்துத் தேய்ச்சா மூஞ்சியில தெறிக்கும். பெரியம்மா தேய்ப்பாங்க. நான் லைட்டுக்கு நேரா பிடிச்சுப் பார்ப்பேன்.

"இதுல செவப்பு. மறுபடி."

"அது துருவா இருக்கும் கன்னியம்மா."

"துருன்னா இன்னும் மோசம். மறுபடி."

டாக்டர் ஹேண்ட்பீஸுக்கு எண்ணெய் விட்டுத் துடைச்சார். முதல்ல வேண்டிய கருவியை மட்டும் பவுச்சில போட்டேன். ஒண்ணு மேல ஒண்ணு திணிக்காம, ஆவி சுத்தி வர இடம் விட்டு அடுக்கினேன். கதவைப் பூட்டினேன். நம்பர் ஏற ஆரம்பிச்சுது. பெரியம்மா கையுறையோடவே கும்பிட்டாங்க.

பாதியில கரண்டு போச்சு.

5. ஜோசப் அண்ணன் உக்கார்ந்தது

நம்பர் அணைஞ்சுது. ஃபேன் நின்னது. ஷீலா முனகறது மட்டும் கேக்குது. கிளினிக்கில் இருந்த இன்வெர்ட்டர் லைட்டுக்குத்தான் தாங்கும், அந்தப் பெட்டிக்குத் தாங்காது.

ஜோசப் அண்ணன் நேரா ஆட்டோகிளேவ்கிட்ட வந்துட்டார். "சூடு நல்லா ஏறிடுச்சு இல்ல? ஆவி இறங்கினதும் திற. இதுக்கு மேல இன்னா வேகணும்?"

"முழுசா ஆகலண்ணே. கரண்டு வந்ததும் மறுபடி முதல்ல இருந்து ஓட்டணும்."

"முதல்ல இருந்தா! பொண்ணு துடிக்குது, நீ ஆவி புடிச்சுகினு இருக்கே! தள்ளு கன்னியம்மா!"

அவர் நல்லவர்தான். பொண்ணு அழறதைத் தாங்க முடியல. எனக்கும் தாங்கலதான். நானும் பொண்ணுங்களை வளர்த்தவள். கதவுக்கு முன்னாடி முதுகைக் கொடுத்து நின்னேன்.

"அண்ணே, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். நீங்க வைண்டர்ல இருந்த காலத்துல, பெல் வராம கேஜை நகர்த்தினது உண்டா?"

மனுஷன் முகம் செவந்து போச்சு. "யாரைப் பார்த்து இன்னா கேக்கறே? என் சர்வீஸ்ல ஒரு வாட்டி கிடையாது! மேனேஜரே வந்து நின்னாலும் பெல் வராம என் கை லிவர் மேல போகாது! தெரியுமா? உன் வீட்டுக்காரனைக் கேளு!"

"இந்தப் பெட்டிக்கு இன்னும் பெல் வரலண்ணே."

அவர் வாய் திறந்தபடியே இருந்துச்சு. டாக்டர் அந்த நேரத்துல நினைச்சிருந்தா ஒரு பல் பார்த்திருக்கலாம். அப்புறம் ஜோசப் அண்ணன் ஒரு ஸ்டூலை இழுத்து ஆட்டோகிளேவ் முன்னாடி போட்டார். உக்கார்ந்தார். கை ரெண்டையும் முட்டி மேல வெச்சார்.

"பெல் வராம எவன் கதவைத் தொடறான்னு நான் பார்க்கறேன்."

ஷீலா அழுகையோட ஒரு சிரிப்பு சிரிச்சா. அவளே சொன்னா, குழறிக் குழறி: "மாமா... நம்ம வீட்டு... ஜெனரேட்டர்."

கல்யாண வீட்டுக்கு லைட் போட வந்த ஜெனரேட்டர்! ஜோசப் அண்ணன் ஸ்டூலை விட்டு எழுந்திருக்காமலே போன் போட்டார். கோரமண்டல்ல இருந்து கூட்ஸ் ஆட்டோவுல அது வந்து சேர்ந்துச்சு. கழட்ட நேரமில்லாம பந்தல்ல கட்டியிருந்த சீரியல் லைட்டையும் ஸ்பீக்கரையும் ஒயரோட சுருட்டிப் போட்டு எடுத்து வந்துட்டாங்க. ஆட்டோகிளேவ் பிளக்கைக் கொடுத்து ஸ்டார்ட் பண்ணினா, பெட்டியில நம்பர் எரியுது, வெளியே வண்டி நிறைய பச்சையும் செவப்புமா மினுங்குது, ஸ்பீக்கர் கல்யாணப் பாட்டை அலறுது. தெருவே கூடிடுச்சு. பொரி கேட்டு வந்த பசங்க ஆடுதுங்க.

"டாக்டருக்கா கல்யாணம்? சொல்லவே இல்லையே!" அப்படின்னு எதிர்க்கடைக்காரம்மா கேட்டாங்க.

மூணு வருஷமா மகனுக்குப் பொண்ணு தேடிகினு இருந்த பெரியம்மா, நனைஞ்ச ஏப்ரனோட வாசலுக்கு ஓடினாங்க. "உங்க வாய் முகூர்த்தம் பலிக்கட்டும்!"

டாக்டர் மாஸ்க்கை கண்ணு வரைக்கும் ஏத்தி விட்டுகினார்.

உள்ளே ஜோசப் அண்ணன் நம்பரைப் பார்த்துப் பார்த்துக் கத்தறார். "ஏறுது! ஏறுது! நின்னு வேகுது! இறங்குது!" கேஜ் எந்த லெவல்ல இருக்குதுன்னு சொல்ற மாதிரியே. கடைசியா பீப் அடிச்சுது.

"பெல்!" அப்படின்னு எழுந்து நின்னார். தெருவுல எதுக்குன்னு தெரியாமலே எல்லாரும் கை தட்டினாங்க.

நான் பவுச்சை எடுத்து எல்லாரும் பார்க்கத் தூக்கிப் பிடிச்சேன். கோடு நல்லா கறுத்திருந்துச்சு.

ஷீலாவை நாற்காலியில படுக்க வெச்சு டாக்டர் காலை பெடல் மேல வெச்சார். அடியில இருந்த எலுமிச்சம்பழம் சரக்குன்னு நசுங்கி, சாறு ஜோசப் அண்ணன் பேன்ட்ல பீச்சி அடிச்சுது. நாற்காலி மேல ஏறிச்சு.

"பார்த்தியா," அப்படின்னாங்க பெரியம்மா, "எலுமிச்சம்பழம் வெச்சதாலதான் வண்டி கிளம்பிச்சு."

மரத்துப்போற ஊசி போட்டு, பல்லைத் திறந்து, சீழை வடிய விட்டார். கொஞ்ச நேரத்துல ஷீலா எழுந்து உக்கார்ந்தா. கன்னத்தைத் தொட்டுப் பார்த்தா. அவ தெளிவா பேசின முதல் வார்த்தை, "மாமா, அந்தப் பாட்டை நிறுத்தச் சொல்லுங்க."

6. சம்மதம்

மறுநாள் நாங்க எல்லாரும் சர்ச்சுக்குப் போனோம். வீக்கம் முழுசா போகல. போட்டோக்காரர் எல்லாப் படத்தையும் வலது பக்கமாவே எடுத்தார். இன்னைக்கும் அந்த ஆல்பத்தைப் பார்த்தா ஷீலா மாப்பிள்ளையைப் பார்க்காம எப்பவும் ஜன்னலைப் பார்க்கற மாதிரிதான் இருக்கும்.

ஃபாதர் கேட்டார். ஷீலா வாயை நல்லா திறந்து, கடைசி பெஞ்சுல இருந்த எனக்குக் கேக்கற மாதிரி, "சம்மதம்"னா.

முன் வரிசையில இருந்து ஒரு குரல்: "பெல்!"

ஃபாதரே சிரிச்சுட்டார். பெரியம்மா என் கையைப் பிடிச்சுகினு தேம்பறாங்க. அழுகையா சிரிப்பான்னு எனக்குத் தெரியல, அவங்களுக்கும் தெரியல.

அதுக்கப்புறம் ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் பெரியம்மா குடியாத்தத்துல இருந்து வருவாங்க. குங்குமக் கிண்ணத்தை என் கையில கொடுத்துட்டு, "எங்கே வைக்கலாம், நீயே காட்டு"ம்பாங்க. ஆட்டோகிளேவ் நெத்தியில மட்டும் வெச்சுட்டு, ரெண்டு பேரும் கை கழுவப் போவோம்.

பொண்ணுங்களே, கையுறை, பவுச், மருந்து, பிரஷ் எல்லாம் டாக்டர் சொல்லிக் கொடுப்பார். நான் சொல்றது இதுதான். அவசரம் எப்பவும் நல்லவங்க உருவத்துலதான் வரும். அழுதுகினு வரும், கெஞ்சிகினு வரும், மருதாணிக் கையோட வரும். அவங்களுக்கு ஸ்டூல் போடுங்க, தண்ணி கொடுங்க, சிரிக்க வைங்க. கதவை மட்டும் பெல் வராம திறக்காதீங்க.

அவ்வளவுதான். ஜனனி, எங்கே இருக்கே? பேரப்பிள்ளைங்கள்ல நீதான் நிறுத்தி நிதானமா படிப்பே. இதை எடுத்து எனக்கு முதல்ல இருந்து சத்தமா படிச்சுக் காட்டு. எங்கேயாவது எழுத்து விட்டிருந்தா சொல்லு.

இரு, இரு. முறுக்கு தின்ன கையோட பேப்பரைத் தொடாதே. கழுவிட்டு வா.